ஏஜெண்டின் காவலும் வாக்குச் சீட்டும்: இலங்கை மலையகத் தமிழர் வரலாற்றில் ஒரு முரண்

வெளிநாட்டில் வாழும் மக்களுக்கு அவர்தம் அரசு இருவகையில் துணைநிற்க இயலும். இடருற்ற வேளையில் தூதரகத்தின் வாயிலாகக் கைகொடுத்தல் ஒன்று. தாய்நாட்டுத் தேர்தலில் வாக்குரிமை நல்குதல் மற்றொன்று. இந்தியா இரண்டாவதை 2010ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தால் ஏற்றுக்கொண்டது. ஆயினும் வாக்காளர் தம் தொகுதிக்கு நேரில் வந்தே வாக்களித்தல் வேண்டும். தூதரகக் காவலும் வாக்குரிமையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன என்றே இன்று எண்ணுகிறோம். இலங்கையின் தேயிலை, இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர் வரலாறு இதற்கு மாறானது. அவர்கள் வேண்டியது தாம் விட்டுவந்த நாட்டின் வாக்கன்று. தாம் வாழ்ந்த நாட்டின் வாக்கு. அதனைப் பெறும் வழியில் தாய்நாட்டரசின் காவலே அவர்களுக்குத் தடையாக நிறுத்தப்பட்டது. அவ்வாறு நிறுத்தப்பட்ட முறையை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

கண்டியில் ஓர் அலுவலர்

தூதர் என்பார் இறைமையுள்ள இரு நாடுகளுக்கிடையே அமைபவர். 1920களில் இந்தியாவும் இலங்கையும் ஒரே பேரரசின் கீழிருந்தன. இரு நாட்டு மக்களும் பிரித்தானியக் குடிகளே. எனவே ஒரு நாட்டின் தூதர் மற்றொன்றில் இருத்தற்கு இடமில்லை. இவ்வெற்றிடத்தை நிரப்பியது 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டம். திறன்சாராத் தொழிலுக்கு ஆள் அனுப்புதலை அது இந்திய அரசு அறிவிக்கும் நாடுகளுக்கு மட்டுமே இசைந்தது. அந்நாடுகளில் தன் ஏஜெண்டுகளை அமர்த்தவும் வழிசெய்தது. இலங்கைக்கும் மலாயாவுக்கும் அவ்வாறு ஏஜெண்டுகள் அமர்த்தப்பட்டனர். இலங்கை ஏஜெண்டின் இருக்கை கொழும்பில் அன்று, தோட்டங்களை அடுத்த கண்டியில் அமைந்தது. பிற்காலத்தில் இந்தியாவின் வெளியுறவுச் செயலராக விளங்கிய கே. பி. எஸ். மேனன் இளமையில் இப்பதவியை வகித்தவர்.

ஏஜெண்டின் பணி பெரும்பாலும் சிறு வழக்குகளைத் தீர்ப்பதாகவே இருந்தது. நிலுவைக் கூலி, செக்ரோலில் விடுபட்ட பெயர், கணவனுக்குப் பற்றுச்சீட்டுக் கொடுத்து மனைவியை லயத்திலேயே நிறுத்திவைத்தல், கங்காணியின் கணக்கில் ஏறிக்கொண்டே போகும் கடன் ஆகியன அவ்வழக்குகளுட் சில. வந்து ஓராண்டுக்குள் நோயாலோ நேர்மையற்ற நடத்துகையாலோ இன்னலுற்றவரைச் செலவின்றி ஊருக்குத் திருப்பியனுப்ப விதிகள் இடமளித்தன. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இந்திய அரசின் வற்புறுத்தலின்றி வந்திராது என்று கூறலாம். அதன்படி மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் குழந்தைக்கு 32 சதமும் விதிக்கப்பட்டன. பொருளாதார மந்தம் வந்தபோது இத்தொகைகளும் குறைக்கப்பட்டன. ஏஜெண்டால் அதனைத் தடுக்க இயலவில்லை. அவர் எழுதலாம், எடுத்துரைக்கலாம், ஆணையிட இயலாது.

வாக்கா, காவலா?

டொனமூர் ஆணைக்குழு 1928இல் அனைவர்க்கும் வாக்குரிமையைப் பரிந்துரைத்தபோது அதன் பயன் தோட்டத் தொழிலாளரையும் எட்டுமென்பது வெளிப்படை. கண்டிச் சிங்களத் தலைவர்கள் அஞ்சினர். தோட்டங்களால் நிலமிழந்த கிராமங்களின் நடுவே, அத்தோட்டங்களின் மக்கள் தேர்தல் முடிவைத் தீர்மானிப்பர் என்ற அச்சம் வெறும் கற்பனையன்று. அதனை இனவெறுப்பு என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது வரலாற்றாசிரியர்க்கு அழகாகாது. அவர்களின் முதன்மை வாதம் இது: வேற்றரசின் ஏஜெண்டுடைய காவலில் இருப்போர் இந்நாட்டின் நிலைக்குடிகள் ஆவது எங்ஙனம்?

ஆளுநர் ஸ்டான்லி 1929இல் முன்வைத்த திட்டம் இவ்வாதத்துக்குச் சட்டவடிவம் தந்தது. வாக்குப் பெற மூன்று வழிகள் வகுக்கப்பட்டன: 'டொமிசில்' எனப்பட்ட நிலைக்குடித் தகுதி, எழுத்தறிவுடன் கூடிய சொத்து அல்லது வருமானத் தகுதி, நிலையாகக் குடியமர்ந்தமைக்கான சான்றிதழ். மூன்றாவதிலேயே முள் இருந்தது. சான்றிதழ் பெற்றவர், இலங்கையிலுள்ள பிரித்தானியக் குடிகள் எல்லோர்க்கும் பொதுவல்லாத சிறப்புரிமையையோ சட்டக் காவலையோ கோரலாகாது என்பது அத்திட்டம். கண்டி அலுவலகத்துக்கு மனு எழுதும் உரிமையைக் கைவிட்டால் வாக்குச் சீட்டு கிட்டும் என்பதே இதன் பொருள். இந்தியத் தரப்பு இதனைக் கடுமையாக எதிர்த்தது. அரசியற் சீர்திருத்தம் சட்டசபையில் 19க்கு 17 என்ற வாக்குக்கணக்கில் மயிரிழையில் நிறைவேறியது. வாக்குரிமைக் கட்டுப்பாடுகள் இல்லாதிருப்பின் அதுவும் நிறைவேறியிருக்குமோ என்பது ஐயமே.

இரண்டாவது வழியைச் சற்று நின்று நோக்குதல் தகும். ஐரோப்பியத் தோட்டத்துரை இவ்வழியால் பட்டியலில் இடம்பெற்றார். இலங்கையிலேயே வாழ்ந்து மடியப்போவதாக அவர் உறுதி கூற வேண்டியதில்லை. விடுப்பில் இங்கிலாந்து சென்று திரும்புவது அவர் தகுதியைக் குறைக்கவுமில்லை. அவருடைய தோட்டத்திற் கொழுந்து பறித்த பெண்ணுக்கோ நிலை வேறு. மணமான பெண்ணின் நிலைக்குடி கணவனுடையதையே பின்பற்றும் என்பது அக்காலச் சட்டநெறி. ஆதலின் அவள் இலங்கையிலேயே பிறந்தவளாயினும் கணவனின் கருத்தை மெய்ப்பித்த பின்னரே வாக்காளராதல் கூடும்.

சான்றிதழை நாடியோர் மிகச் சிலர். பெரும்பான்மையோர் நிலைக்குடித் தகுதியாற் பட்டியலில் ஏறினர். 1931இல் ஏறத்தாழ 1,00,000 ஆக இருந்த இந்திய வாக்காளர் தொகை அப்பத்தாண்டின் இறுதியில் 2,25,000 அளவுக்கு உயர்ந்தது. 1936இல் கோ. நடேசய்யர் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தேர்வானார். ஏஜெண்டு எழுதிய கடிதங்களுக்குக் கிட்டாத செவிமடுப்பு, சபையில் எழுந்து பேசிய ஓர் உறுப்பினர்க்குக் கிட்டியது என்பது என் துணிபு. இதன்பின் பதிவுவிதிகள் இறுக்கமாகச் செயற்படுத்தப்பட்டமையும் வாக்காளர் தொகை மீண்டும் சுருங்கியமையும் தற்செயலாகத் தோன்றவில்லை.

இரு பதிவேடுகளுக்கு வெளியே

விடுதலைக்குப் பின் கண்டியிலும் கொழும்பிலும் முறையான தூதரகப் பணி அமைந்தது. முரண் நீங்கவில்லை, கடுமையாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தைவழிப் பிறப்புச் சான்று கோரியது. 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத்திருத்தம் குடியுரிமை இல்லாரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியது. அதே ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் மணமானோர்க்கு 7 ஆண்டும் ஏனையோர்க்கு 10 ஆண்டும் இடையறாத வதிவைக் கேட்டது. இறந்த தாய்க்குக் கருமம் செய்யப் புதுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ சென்றவர் 12 மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் அவ்வதிவு அறுந்தது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் இச்சட்டத்தைப் புறக்கணித்தது. பின்னர் இறுதிநாளான 1951 ஆகஸ்டு 5 நெருங்குகையில் திரளாக விண்ணப்பிக்கச் செய்தது. ஏறத்தாழ 8,24,000 பேரை உள்ளடக்கிய விண்ணப்பங்கள் குவிந்தன. 1964க்குள் குடியுரிமை பெற்றோர் 1,34,000 அளவினரே.

மறுபுறம், இந்திய அரசியலமைப்பின் 8ஆம் உறுப்பு வெளிநாட்டில் வாழும் இந்திய வழித்தோன்றல்களை அந்நாட்டிலுள்ள தூதுவ அலுவலர் குடிமக்களாகப் பதிவுசெய்ய வழிவகுத்தது. உதவும் கை நீட்டப்பட்டதாகவே இது தோன்றும். ஆனால் அப்பதிவேட்டிற் கையொப்பமிட்டவர் தாம் பிறந்த தோட்டத்திலேயே அயல்நாட்டவராகி, வதிவனுமதி வேண்டி நின்றார். 1954 ஜனவரியில் நேருவும் கொத்தலாவலையும் கண்ட உடன்பாடு இப்பதிவை ஊக்குவிக்க முயன்றது. இலங்கைக் குடியுரிமை பெறுவோரையும் 10 ஆண்டுகளுக்குத் தனி வாக்காளர் பட்டியலில் வைக்க இசைந்தது. இலங்கை ஏற்காதோர் தாமாகவே இந்தியர் ஆகிவிடார் என்பதில் டில்லி உறுதியாக நின்றது. சட்டநோக்கில் அது பிழையன்று. ஆயின் இரு பதிவேடுகளிலும் இடமின்றி இலட்சக்கணக்கானோர் நாடற்றோராயினர். வாக்கும் இல்லை, எந்தத் தூதரகமும் தம்மவர் என உரிமையோடு பேச வழியுமில்லை.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பகிர்ந்த எவரும் அம்மக்களைக் கேட்கவில்லை. எனினும் விண்ணப்பப் படிவம் அவர்கள் கைக்கு வந்தபோது விடை தெளிவாகவே கிடைத்தது: இந்தியக் குடியுரிமைக்கு மனுச்செய்தோர் தொகை அந்த 5,25,000ஐ எட்டவில்லை.

1947 தேர்தலில் நுவரெலியாவில் வென்ற சௌமியமூர்த்தி தொண்டமான் மீண்டும் மக்கள் வாக்கால் நாடாளுமன்றம் புகுந்தது 1977இல், நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியின் மூன்றாம் உறுப்பினராக. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்துவந்த இந்திய வழியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது.