வெஜ்ஜிடேல்ஸ்

பேசும் காய்கறிகளைப் பாத்திரங்களாகக் கொண்ட அமெரிக்கக் கிறிஸ்தவச் சிறுவர் அசைபடத் தொடர். ஃபில் விஷர், மைக் நவ்ராக்கி இருவரும் உருவாக்கியது. ஒரு விவிலியக் கல்லூரியின் பொம்மலாட்டக் குழுவில் பழகியவர்கள் இவர்கள்.

விஷர் முதலில் வரைந்தது ஒரு மிட்டாய்க் கட்டி. பிள்ளைகளின் மிட்டாய் ஆசையைத் தூண்டினால் தாய்மார் கோபிப்பார்கள் என்று மனைவி லிசா சொல்ல, காய்கறிக்கு மாறினார். அக்காலக் கணினிகளுக்குக் கை, கால், முடி, உடை ஆகியவற்றை அசைப்பது பெரும்பாடு. வெள்ளரிக்காய்க்கு இவை எதுவும் வேண்டியதில்லை. முதல் ஒளிநாடா 1993 டிசம்பரில் வந்தது. தக்காளி பாபும் வெள்ளரிக்காய் லேரியும் சமையலறை மேடையில் நின்று கதை சொல்வார்கள். கையில்லாத இவர்கள் எடுக்கும் பொருள்கள் அந்தரத்தில் மிதக்கும். யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. தலையில் ஒரு மயிரும் இல்லாத லேரி, தலைவாரும் பிரஷைக் காணோம் என்று தேடிப் பாடும் பாட்டு பெரும் புகழ் பெற்றது.

விவிலியத்தைக் குழந்தைகளுக்கேற்ப மாற்றும் துணிவு இத்தொடருக்கு இருந்தது. தாவீது-பத்சேபா கதை 2000-இல் குளியல்தொட்டி ரப்பர் வாத்துக்கு ஆசைப்படும் அரசனின் கதையாயிற்று. எரிகோ நகரக் கதையில் மதில்மேல் நின்று பட்டாணிகள் ஐஸ் பானத்தைக் கொட்டுகின்றன. ஆனால் இயேசுவைக் காய்கறியாகக் காட்டுவதில்லை என்பது விதி.

2002-இல் 'யோனா' திரைப்படம் வந்தது. மறு ஆண்டே விஷரின் தயாரிப்பு நிறுவனமான பிக் ஐடியா திவாலாகி, கிளாசிக் மீடியா வசம் போனது. பழைய விநியோக நிறுவனம் தொடுத்த வழக்கில் ஜூரி விதித்த பெருந்தொகை இழப்பீடே காரணம் என்பர் சிலர். அளவுமீறி விரிந்ததே என்பர் வேறு சிலர். விஷரின் தன்வரலாறு அவர் செய்த பிழைகளையும் மறைக்கவில்லை. 2005-இல் மேல்முறையீட்டில் ஜூரியின் தீர்ப்பு ரத்தானபோது நிறுவனம் அவர் கையில் இல்லை.

2006-இல் என்பிசி தொலைக்காட்சியின் சனிக்கிழமைக் காலை ஒளிபரப்புக்காகக் கடவுளைக் குறிக்கும் சில வரிகள் வெட்டப்பட்டன. கடவுள் உன்னைத் தனிச்சிறப்போடு படைத்தார் என்னும் வழக்கமான விடைபெறும் சொற்களும் அவற்றில் அடங்கும். நேரக்குறைவே காரணம் என்று முதலில் சொல்லப்பட்டதாகத் தெரிகிறது. பின்னர், எந்த ஒரு சமயப் பார்வையையும் முன்னிறுத்தாமல் எல்லாரையும் சென்றடைவதே நோக்கம் என்று என்பிசி விளக்கியது. பின்னாளில் விஷரே, தம் படைப்பு கிறிஸ்தவத்தைவிட ஒழுக்கத்தையே அதிகம் கற்பித்ததோ என்று வருந்தியதுண்டு.

2012-இல் ட்ரீம்வொர்க்ஸ் கிளாசிக் மீடியாவை வாங்க, இத்தொடரும் அதன் வசமானது. 2014-இல் நெட்ஃபிளிக்ஸுக்கென வந்த புதிய தொடரில் கண்கள் பெரிதாகி நிறம் பெற்றன. பழைய ரசிகர்களில் பலருக்கு இது உவப்பாக இல்லை. 2016-இல் ட்ரீம்வொர்க்ஸை வாங்கியது என்பிசியின் தாய் நிறுவனமே. 2019-இல் டிபிஎன் என்னும் கிறிஸ்தவத் தொலைக்காட்சியில் பழைய தோற்றச் சாயலுடன் மற்றொரு தொடர் தொடங்கியது. விஷரும் அதில் திரும்ப இணைந்தார்.