தரகரும் கணக்குப் புத்தகமும்

நம் வயதுக்காரர்கள் பலருடைய வீட்டில் இப்போது ஒரு புதுச்சொல் அடிபடுகிறது. "அஃபிலியேட் மார்க்கெட்டிங்" என்று பேரப்பிள்ளைகள் சொல்கிறார்கள். வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்கலாம், முதல் வேண்டாம், கடை வேண்டாம் என்கிறார்கள். சில பெரியவர்களுக்கு இது ஏதோ மாயமாகத் தோன்றுகிறது. சிலர் ஓய்வூதியத்தில் சேர்த்த பணத்தை எடுத்துக் கொடுக்கவும் தயாராகிவிடுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. இது என்ன தொழில் என்று தெரிந்தால் போதும்.

சரக்கு இன்னொருவருடையது. கடையும் இன்னொருவருடையது. "இந்தப் பொருள் நன்றாக இருக்கிறது, அங்கே வாங்குங்கள்" என்று நீங்கள் ஒருவரை அனுப்புகிறீர்கள். அவர் வாங்கினால் கடைக்காரர் உங்களுக்கு ஒரு பங்கு தருகிறார். இதற்குத் தமிழில் தரகு என்று பெயர். வேட்டித் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசிய மாட்டுத் தரகரும் இதைத்தான் செய்தார். நம் புதுச்சேரியில் இந்தத் தொழிலுக்கு முந்நூறு ஆண்டு வரலாறே இருக்கிறது. அந்த வரலாற்றில், இன்று புதிதாகத் தொடங்குகிற பிள்ளைகளுக்கு வேண்டிய பாடமும் இருக்கிறது.

பிரெஞ்சுக் கம்பெனி இங்கே துணி வாங்க வந்தது. கம்பெனி துரைகளுக்குத் தமிழ் தெரியாது. துணி தருகிற வியாபாரிகளுக்கும் நெசவாளர்களுக்கும் பிரெஞ்சு தெரியாது. நடுவில் ஒரு ஆள் தேவைப்பட்டார். அவரைப் பிரெஞ்சில் 'கூர்த்தியே' என்றார்கள். தரகர் என்றுதான் பொருள். நம்மவர்கள் அவரைத் துபாசி என்றார்கள். இரண்டு மொழி அறிந்தவர். எந்த வியாபாரியை நம்பி முன்பணம் தரலாம், எத்தனை கட்டுத் துணி எந்த மாதத்துக்குள் வரும், விலை என்ன என்பதெல்லாம் அவர் வாயிலாகத்தான் பேசி முடியும். ஒப்பந்தம் நடந்தால் அதில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. இரு தரப்பும் அவர் சொல்லை நம்பியதுதான் அவருடைய முதல்.

அப்படிப்பட்ட தலைமைத் தரகர்களில் ஒருவர் நைனியப்ப பிள்ளை. 1708இல் அந்தப் பதவிக்கு வந்தார். ஊரில் அவர் பேரில் ஒரு வீதி இருக்கிறது. அதில் தினமும் நடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் கதை தெரியுமோ! 1716இல், ஆளுநர் எபேர் காலத்தில், அவரைக் கைது செய்தார்கள். கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் அந்தப் பதவியில் இருப்பதை விரும்பாத ஏசு சபைப் பாதிரிமாரின் எதிர்ப்பும் அதன் பின்னால் இருந்தது. கலகம் தூண்டினார், மக்களை வருத்தினார் என்று குற்றம் சாட்டினார்கள். சொத்து பறிமுதல், கடைத்தெருவில் கசையடி, சிறை என்று தண்டனை விதித்தார்கள். 1717இல் அவர் சிறையிலேயே இறந்துபோனார்.

விசாரணையை எழுதியது பிரெஞ்சில். நைனியப்பருக்கு அந்த மொழி தெரியாது. கம்பெனியாரோடு அவர் பேசியது, அன்றைய துறைமுகங்களில் எல்லோரும் பேசிய போர்த்துக்கீசியத்தில். தன்னால் படிக்க முடியாத காகிதங்களில் அவர் தமிழில் கையெழுத்திட்டார். ஊருக்கே பேச்சுவார்த்தை நடத்தித் தந்தவர், தன் வழக்கில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிய முடியாமல் நின்றார். பிறகு அவர் மக்களும் உறவினரும் பிரான்சு வரை முறையிட்டார்கள். தீர்ப்பு தவறென்று ரத்தானது. எபேரும் பதவி இழந்து, கைதாகிக் கப்பலேறினார். நைனியப்பரின் மகன் குருவப்பா பிரான்சுக்கே போய், 'செவாலியே' பட்டம் பெற்றுத் திரும்பி, தந்தையின் பதவியில் அமர்ந்தார். ஆனால் இறந்தவர் இறந்தவர்தான்.

நைனியப்பரோடு சிறைப்பட்டவர்களில் அவர் மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையும் ஒருவர். அவருடைய மகனுக்கு அப்போது வயது ஏழு. அந்தப் பையன்தான் பின்னாளில் துய்ப்ளேயின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை. 1736இல் அவர் ஒரு நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1747இல் தலைமைத் துபாசி ஆனார். பிறகு அந்தப் பதவி கைவிட்டுப் போனது. ஆனாலும் நாட்குறிப்பை விடவில்லை. 1761 ஜனவரியில், ஆங்கிலேயரிடம் புதுச்சேரி விழுவதற்குச் சில நாள் முன்பு, இறக்கும் காலம் வரை அது தொடர்ந்தது. எந்தக் கப்பல் வந்தது, யார் என்ன பேசினார்கள், யார் எவ்வளவு தர வேண்டும் என்று எல்லாம் தமிழில், தன் கணக்காக எழுதி வைத்தார். 1846இல் கலுவா மொன்பிரன் என்ற பிரெஞ்சு அதிகாரி அதைக் கண்டெடுத்தார். இன்று அந்தக் காலத்தைப் பற்றி ஆராய்கிறவர்கள் கம்பெனியின் ஏட்டோடு பிள்ளையின் ஏட்டையும் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு குடும்பம், ஒரே தொழில். ஒருவர் கையில் தன் ஏடு இல்லை. மற்றவர் கையில் இருந்தது.

தரகுத் தொழிலில் என்றைக்கும் கேள்வி இதுதான்: யார் அனுப்பிய ஆள் வாங்கினார் என்பதை யார் எழுதி வைக்கிறார்கள்? கணினி வழியாக விற்கத் தொடங்கிய அமெரிக்கர்களும் இந்தக் கேள்வியில்தான் வந்து நின்றார்கள்.

வில்லியம் டோபின் என்பவர் 1989இல் 'பிராடிஜி' என்ற கணினிச் சேவை வழியாகப் பூங்கொத்து விற்றார். விற்பனையில் பிராடிஜிக்கு ஒரு பங்கு கொடுத்தார். இணையம் பரவியதும் அதே முறையை அங்கே கொண்டுபோய், 1996இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 2000இல் கிடைத்தது. இதற்கிடையே 1994இல், பாட்டுத் தட்டு விற்ற 'சிடிநவ்' என்ற கடை, இசையைப் பற்றி எழுதும் பக்கங்கள் தன்னிடம் ஆளனுப்பினால் கமிஷன் தரலாம் என்று ஏற்பாடு செய்தது. புத்தகம் விற்கத் தொடங்கியிருந்த அமேசான் 1996 ஜூலையில் இதை யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய திட்டமாகத் திறந்தது. அதற்குப் பிறகுதான் இது பெருந்தொழிலாக வளர்ந்தது.

அனுப்பியவரை எப்படி அடையாளம் காண்பது? ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்து, அந்த எண்ணை லிங்க்கோடு சேர்த்துவிட்டார்கள். லிங்க்கை அழுத்தியவரின் கணினியில் 'குக்கீ' என்ற சிறு சீட்டு ஒட்டிக்கொள்ளும். இந்தக் குக்கீயை 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி உருவாக்கினார். சீட்டு இருக்கும் நேரத்துக்குள் வாங்கினால் கமிஷன் உங்களுக்கு. அமேசானில் பொதுவாக அந்த நேரம் 24 மணி. நீங்கள் திங்கட்கிழமை சொன்னதைக் கேட்டு ஒருவர் யோசித்து வியாழக்கிழமை வாங்கினால், உங்கள் சொல்லுக்கு மதிப்பு இருந்தது என்றாலும் காசு இல்லை.

அதாவது, கணக்கு எழுதுவது கடைக்காரர். விகிதம் வைப்பதும் அவரே. 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் தன் கமிஷனைக் குறைத்தது. வீட்டுச் சாமான்களுக்கு 8 சதவீதம் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு 3 சதவீதம் என்றானது. மளிகைக்கு 5 இருந்தது 1 ஆனது. பல ஆண்டு உழைத்துப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் ஒரே அறிவிப்பில் பாதிக்கும் மேல் இழந்தார்கள். யாரும் வழக்குப் போட முடியாது, ஏனென்றால் சேரும்போது ஒத்துக்கொண்ட விதிகளில் இந்த உரிமையைக் கடைக்காரர் தனக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்.

தரகர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்றும் சொல்லவில்லை. யாரும் எதையும் அழுத்தாமலே அவர்கள் கணினியில் சீட்டை ஒட்டிவிட்டு, ஈபே நிறுவனத்திடம் கமிஷன் வாங்கியவர்கள் உண்டு. அமெரிக்க நீதிமன்றம் 2014இல் அவர்களுக்குச் சிறைத்தண்டனை கொடுத்தது.

சரி, நம் வீட்டுப் பிள்ளை தொடங்குகிறேன் என்றால் என்ன சொல்வது? காகிதத்தோடு நாற்பது ஆண்டு காலம் தள்ளிய பழைய குமாஸ்தா என்ற முறையில் ஐந்து விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, சேரக் கட்டணம் கிடையாது. அமேசான் திட்டத்தில் சேருவது இலவசம். முதலில் இத்தனை ஆயிரம் கட்டு, பிறகு உன் கீழ் ஆள் சேர்த்தால் பணம் வரும் என்று யாராவது சொன்னால் அது இந்தத் தொழில் இல்லை. அது பணச்சுழற்சித் திட்டம். அதைத் தடை செய்யும் சட்டம் நம் நாட்டில் 1978லேயே வந்துவிட்டது.

இரண்டாவது, விதிகளை முழுக்கப் படிக்க வேண்டும். ஆங்கிலத்தில் நீளமாக இருக்கும். "ஒப்புக்கொள்கிறேன்" என்ற பொத்தானை அழுத்துவது கையெழுத்துப் போடுவதற்குச் சமம். சேர்ந்த 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் அமேசான் கணக்கை மூடிவிடும். சொந்த லிங்க்கில் தானே வாங்கினால் கமிஷன் வராது. இதையெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டு வருந்துகிறவர்கள் நிறைய.

மூன்றாவது, தனக்குத் தெரிந்த பொருளைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். சமையல் தெரிந்தவர் மிக்ஸியைப் பற்றிச் சொல்லலாம், தோட்டம் போட்டவர் மண்வெட்டியைப் பற்றிச் சொல்லலாம். எது ஆகாது என்பதையும் சொல்கிறவரைத்தான் மக்கள் மறுபடி தேடி வருவார்கள்.

நான்காவது, கமிஷன் வாங்குவதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இங்கே துண்டுக்குள் விரல் பிடிக்கும் வேலை கூடாது. 2022 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட விளம்பர நெறிமுறைகளின்படி, பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் உள்ள பணத் தொடர்பை வாங்குகிறவருக்குத் தெரிவிப்பது கட்டாயம். ஏமாற்று விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், மறைத்துச் சொன்னவன் என்று தெரிந்தால் அப்புறம் யார் நம்புவார்கள்?

ஐந்தாவதுதான் எனக்கு மிக முக்கியம். பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். எந்தத் தேதியில் எந்தப் பொருளைப் பற்றி எழுதினான், எத்தனை பேர் அழுத்தினார்கள், கடைக்காரர் எவ்வளவு என்று காட்டினார், வங்கிக்கு எவ்வளவு வந்தது, வரி எவ்வளவு பிடித்தார்கள் என்று அவன் கையால் எழுதட்டும். கமிஷன் வருமானத்துக்கும் வரி உண்டு. வருடக் கடைசியில் அந்த நோட்டு உதவும். ஆறு மாதத்தில் இது கைச்செலவுக்குத் தேறுமா, பிழைப்புக்கு ஆகுமா என்பதையும் அதுவே சொல்லிவிடும். ஒரே கடையை நம்பாமல் இரண்டு மூன்று இடத்தில் சேரச் சொல்லுங்கள். படிப்பையோ வேலையையோ விட்டுவிட்டு இதில் இறங்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

தரகு கேவலமான தொழில் இல்லை. நம் ஊரின் பெரிய வீடுகள் சில அதில் எழுந்தவை. எழுதுகிறவர் இன்னொருவர், விகிதம் வைக்கிறவர் இன்னொருவர் என்ற நிலை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதை மாற்ற நம்மால் ஆகாது. நம் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கட்டும் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. நோட்டுப் புத்தகம் நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது.