பத்தாண்டுச் சிறையும் மறந்துபோன மொழியும்

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து தெற்கே வரும் கடற்கரைப் பாதையில், புதுச்சேரியை எட்டுவதற்குச் சற்று முன்னே அமைந்த ஊர் பெரிய முதலியார்சாவடி. சாவடி என்பது வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடம். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் இக்கரை வழிப்போக்கருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. வடக்கே ஆலம்பரைக் கோட்டை 1760-இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. அதற்கும் வடக்கே சதுரங்கப்பட்டினத்துக் கடலில் 1782 பிப்ரவரி 17 அன்று இரு நாட்டுக் கப்பற்படைகளும் பொருதின. அப்போரில் பிரெஞ்சு அணியில் நின்ற கப்பல்களுள் ஒன்று, சில வாரங்களுக்கு முன்வரை ஆங்கிலேயருடையதாக இருந்தது. ஹானிபல் என்பது அதன் பெயர். அக்கப்பலில் பிடிபட்ட ஜேம்ஸ் ஸ்கரி என்னும் பதினாறு வயதுச் சிறுவனின் வரலாறே இங்கு நாம் காண இருப்பது.

பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரேன் 1782 ஜனவரியில் ஹானிபலைக் கைப்பற்றினார். புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரரிடம் இல்லை. 1778-இலேயே ஆங்கிலேயர் அதனைப் பிடித்திருந்தனர். ஆகவே 1782 ஏப்ரலில் கைப்பற்றிய கடலூரே சுஃப்ரேனுக்குப் புகலிடமாயிற்று. கைதிகள் பலர், அவர்களுக்கு ஊட்ட உணவில்லை, அடைத்து வைக்க இடமில்லை. கைதிகளை மாற்றிக்கொள்ளலாம் என்று சென்னை ஆளுநர் மக்கார்ட்னியிடம் கேட்டுப் பார்த்தார், உடன்பாடு எட்டவில்லை. கடைசியில் தம் கைதிகளை ஐதர் அலியிடம் ஒப்படைத்துவிட்டார். ஐரோப்பாவில் இச்செயலுக்காக அவர் பெரிதும் பழிக்கப்பட்டார். பேச்சு முறிந்ததில் சென்னைக் கோட்டைக்கும் பங்குண்டு என்பதைப் பழித்தவர்கள் அவ்வளவாக நினைத்துப் பார்க்கவில்லை.

கடலூரிலிருந்து சிதம்பரம், அங்கிருந்து பெங்களூர் என்று கைதிகள் நடத்திச் செல்லப்பட்டனர். பெங்களூரில் இளையோர் ஐம்பதுக்கு மேற்பட்டோர் தனியே பிரிக்கப்பட்டுச் சீரங்கப்பட்டணம் அனுப்பப்பட்டனர். ஸ்கரி அவர்களுள் ஒருவர். அங்கே அவர்களுக்கு வலிந்து சுன்னத்து செய்யப்பட்டது. புதிய பெயர்கள் இடப்பட்டன. ஸ்கரி, ஷம்ஷேர் கான் ஆனார். ‘சேலா’ எனப்பட்ட படைப்பிரிவில் சேர்க்கப்பட்டு, தம்மைச் சிறைப்படுத்திய அரசுக்கே படைவீரர் ஆனார்.

ஐதர் 1782 டிசம்பரில் மறைந்தார். திப்பு அரியணை ஏறினார். 1784 மார்ச் 11 அன்று மங்களூரில் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. 1780-இல் காஞ்சிக்கு அருகே பொள்ளிலூர்ப் போரில் பிடிபட்டு மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்த டேவிட் பெய்ர்ட் முதலானோர் விடுதலை பெற்றனர். (இந்தப் பெய்ர்டே 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணக் கோட்டைமீது பாய்ந்த படைக்குத் தலைமை தாங்கியவர்.) அவருடன் பிடிபட்ட படைத்தலைவர் பெய்லியோ 1782-இலேயே சிறையில் மாண்டுபோனார். ஷம்ஷேர் கானாகிவிட்ட ஸ்கரிக்கும் அவர் தோழர்களுக்கும் அவ்வுடன்படிக்கையால் ஒரு பயனும் விளையவில்லை. மூன்றாம் மைசூர்ப் போரின் குழப்பம் வந்த பின்னரே, வேறு நால்வருடன் தப்பி அவர் மராத்தியப் படையை அடைந்தார்.

இங்கிலாந்துக்கு மீண்டவரின் நிலைதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. நாற்காலியில் அமர அவருக்கு வரவில்லை. கத்தியும் முள்கரண்டியும் கைக்கு அந்நியமாயின. ஐரோப்பிய உடை உடம்பில் ஒட்டவில்லை, நிறமும் கறுத்திருந்தது. இவற்றையெல்லாம்விட, தாய்மொழியே உடைந்து போயிருந்தது. சொற்கள் இருந்தன, ஆங்கிலத்துக்கு உரிய மரபும் ஓட்டமும் போய்விட்டன. உயிரைக் காத்துக்கொண்டு வந்தவன் எதைக் கொடுத்து அதைக் காத்தான் என்பதற்கு, சொல்லையே தொழிலாகக் கொண்ட நம்போன்றோர்க்கு இதைவிடத் துலக்கமான சான்று வேண்டியதில்லை.

ஸ்கரி 1822-இல் இறந்தார். அவருடைய சிறைவாழ்வு நூல் 1824-இல் இலண்டனில் வெளிவந்தது. இத்தகைய நூல்களை அப்படியே நம்பிவிடலாகாது. திப்புவைக் கொடுங்கோலராகக் காட்டும் ஏடுகளுக்கு அந்நாட்டில் நல்ல சந்தை இருந்தது. பத்தாண்டுக் காலம் பகைவன் படையில் இருந்தவருக்குத் தம் பற்றை மெய்ப்பிக்க வேண்டிய நெருக்கடியும் இருந்திருக்கும். எனினும் தம் மொழி தடுமாறியதை ஒருவன் பெருமைக்காகப் புனைந்து சொல்ல மாட்டான்.

இந்நூலில் நமக்கு நெருக்கமான செய்தி வேறொன்று உண்டு. சேலாக்களுக்கு மனைவியராகப் பெண்கள் கொடுக்கப்பட்டனர். அவர்கள், ஐதரின் படையெடுப்பின்போது கர்நாடகத்திலிருந்து குடும்பத்தோடு ஓட்டிச் செல்லப்பட்டவர்கள் என்கிறார் ஸ்கரி. அக்காலத்தில் கர்நாடகம் என்றால் ஆர்க்காட்டு நவாபின் நாடு. நம் தொண்டை நாடும் நடுநாடும் அதில் அடக்கம். ஆக, கைதிக்குத் துணையாக வந்தவளும் கைதியே. அவள் எந்தப் போரிலும் ஆயுதம் ஏந்தியவள் அல்லள்; மாற்றிக்கொள்ள எந்த ஆளுநரும் அவளைக் கேட்கவில்லை; எந்த உடன்படிக்கையிலும் அவளுக்கு இடமில்லை. தப்பியோடிய கணவன், மனைவியையும் குடும்பத்தையும் பின்னே விட்டுவிட்டுத்தான் சென்றான்.

பொள்ளிலூரில் பெய்லியுடன் நின்ற படையிற் பெரும்பகுதியும் இந்நாட்டுச் சிப்பாய்களே. பெய்லி பல்லக்கில் அமர்ந்திருக்க அவர் படை சூழப்பட்ட காட்சியைச் சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இன்றும் காணலாம். சிறையிருந்த வெள்ளை அதிகாரிகளின் குறிப்புகள் அச்சேறின. சிப்பாய்களின் பெயர்கள்கூட அவற்றில் அருகியே வருகின்றன. வரலாற்றாசிரியன் ஏடில்லாத இடத்தில் நின்றுவிட வேண்டியவன். கவிஞனுக்கு அந்தத் தடை இல்லை. நம் வட்டத்துக் கவிஞர் எவரேனும் ஷம்ஷேர் கானின் மனைவியைப் பாட முன்வருவாராயின், அடுத்த மலரில் முதற் பக்கத்தை அவருக்குத் தர வேண்டுமென்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.