அரக்கோணத்தில் விழுந்த ஐராவத்

அரக்கோணம்னா நம்ம ஊர்க்காரங்களுக்கு ரயில்வே ஜங்ஷன்தான் ஞாபகம் வரும். அங்கேயே ஐஎன்எஸ் ராஜாளின்னு கடற்படையோட விமான தளமும் இருக்கு. 1999 ஜனவரி 11 அன்னைக்கு அந்தத் தளத்துக்குப் பக்கத்துல ஒரு சோதனை விமானம் விழுந்தது. உள்ளே இருந்த எட்டுப் பேரும் இறந்துட்டாங்க. அதுல நாலு பேர் விஞ்ஞானிகள்.

அந்த விமானத்தோட பேர் ஐராவத். பெங்களூரில் இருக்கிற டிஆர்டிஓவின் கேப்ஸ் மையம் அதை ஒரு பறக்கும் ஆய்வகமா வச்சிருந்தது. தரையில இருக்கிற ரேடாருக்கு ஒரு சிக்கல். பூமி வளைஞ்சிருக்கிறதால, தாழ்வா பறந்து வர்ற எதிரி விமானம் ரொம்பக் கிட்ட வந்த பிறகுதான் தெரியும். ரேடாரையே மேலே தூக்கிட்டுப் போனா நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியே பார்த்துடலாம்.

இதுக்கு எடுத்தது ஆவ்ரோ, அதாவது எச்எஸ்-748. ஒரு காலத்துல இந்தியன் ஏர்லைன்ஸ் மதுரைக்கு ஓட்டின அதே ரகம். அதோட முதுகுல பெரிய தட்டு மாதிரி ஒரு ரோட்டோடோம் பொருத்தினாங்க. உள்ளே ஆன்டெனா, வெளியே சுழலும் கூடு. 1990-லயே அந்தத் தட்டோட பறந்து பார்த்தாச்சு. அப்புறம் வருஷக்கணக்கா சோதனை. பயணிகள் விமானமா வடிவமைச்ச ஒண்ணு முதுகுல இவ்வளவு பெரிய சுமையைத் தாங்கணும். தட்டைத் தாண்டிக் கலைஞ்சு வர்ற காற்று நேரா வாலுக்குத்தான் போகும். அன்னைக்கு அந்த ரோட்டோடோம் கழன்றுபோச்சு. திட்டமும் அதோட நின்னுபோச்சு.

மறுபடி அனுமதி கிடைச்சது 2004-ல. இந்த முறை இரண்டு விஷயத்தை மாத்தினாங்க.

முதலாவது, விமானம். 2008-ல பிரேசிலின் எம்ப்ரேயரோட ஒப்பந்தம். எடுத்தது இஎம்பி-145 ஜெட். லெகசி 600 பிசினஸ் ஜெட் இதே குடும்பம்தான். ரேடாருக்கு ஏத்த மாதிரி உடம்பை மாத்துற வேலையை விமானத்தைச் செஞ்ச கம்பெனியே செஞ்சது. கருவிகள் மட்டும் நம்ம வேலை.

இரண்டாவது, ரேடார். சுழல்ற தட்டு கிடையாது. முதுகுல நீளமா ஒரு அசையாத பெட்டி. கதிரை மின்னணு முறையில திருப்புவாங்க. இதுல ஒரு விலை கொடுக்கணும்: இரண்டு பக்கமும் சேர்த்து 240 டிகிரிதான் தெரியும். மூக்குக்கு நேரேயும் வாலுக்குப் பின்னாலயும் பார்வை இல்லை.

முதல் விமானம் 2012 ஆகஸ்டில் இந்தியா வந்தது. அதுக்கப்புறம் நாலரை வருஷம் அதுவும் ஆய்வகம்தான். 2017 பிப்ரவரியில், ஏரோ இந்தியா கண்காட்சியில, ‘நேத்ரா’ங்கிற பேர்ல விமானப்படைகிட்ட ஒப்படைச்சாங்க.

நான் எழுதுற கோடுல பக் இருந்தா பழைய வெர்ஷனுக்குத் திரும்பிடலாம். இந்த ஆய்வகத்துல அந்த வசதி இல்லை. சோதிக்கிறவங்களும் அதே விமானத்துலதான் உக்காந்திருக்காங்க. நேத்ராவைப் பத்திப் பேசும்போது அரக்கோணத்து எட்டுப் பேரையும் சேர்த்துப் பேசணும்னு எனக்குத் தோணுது.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.