சாகச் சொல்லும் புரதம்

நோய்க்கிருமி உடலுக்குள் வந்தால் டி செல்கள் பல்கிப் பெருகிச் சண்டைக்குப் போகும். சண்டை முடிந்தபின் இத்தனை செல்களையும் என்ன செய்வது? அவற்றில் பெரும்பாலானவை தாமாகவே செத்துவிடுகின்றன. சாகும்படி வரும் உத்தரவைச் செல்லின் மேற்பரப்பில் நின்று வாங்கும் புரதங்களில் ஒன்றுதான் ஃபாஸ். அதைக் கண்டுபிடித்த கதை விசித்திரமானது.

1989-இல் ஜப்பானில் யோனெஹாராவும் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் கிராமரும், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல், மனித செல்களைக் கொல்லும் ஆன்டிபாடியைத் தயாரித்தார்கள். ஒருவர் அது ஒட்டும் புரதத்துக்கு ஃபாஸ் என்று பெயர் வைத்தார், மற்றவர் ஆப்போ-1 என்றார். இரண்டும் ஒன்றே என்பது 1992-இல்தான் உறுதியானது. கிராமர் குழு, மனிதப் புற்றுநோய் செல்களைச் சுமந்த எலிகளுக்கு ஆன்டிபாடியை ஊசி போட்டது. சில நாட்களிலேயே கட்டி கரைந்தது! புற்றுநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்று யாருக்குத்தான் தோன்றாது?

ஆனால் அந்த ஆன்டிபாடி மனித ஃபாஸை மட்டுமே அடையாளம் காணும். எலியின் சொந்த உறுப்புகளை அது தொடவே இல்லை. 1993-இல் ஒசாகாவில் நகாட்டா குழுவினர் எலியின் ஃபாஸில் ஒட்டும் ஆன்டிபாடியைச் செலுத்தியபோது, எலிகள் கல்லீரல் அழிந்து சில மணி நேரத்தில் இறந்தன. ஃபாஸ் கல்லீரல் செல்களிலும் இருக்கிறதே! மருந்துக் கனவு அங்கேயே அடிவாங்கியது.

எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொரு எலியின் கதை. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் 1970களில் இருந்தே 'எல்பிஆர்' என்றொரு எலி வகை உண்டு. நிணநீர்க் கணுக்கள் வீங்கும், லூப்பஸ் போல உடல் தன்னையே தாக்கும். காரணம் தெரியாது. நகாட்டா குழு ஃபாஸ் மரபணு எலியின் 19-ஆம் குரோமோசோமில் இருப்பதைப் பார்த்தது. எல்பிஆர் கோளாறும் அதே இடத்தில்தான்! 1992-இல் விடை கிடைத்தது: அந்த எலிகளில் ஃபாஸ் பழுது. சாக வேண்டிய செல்கள் சாகாததால்தான் எலிக்கு நோய். அதே நோய் உள்ள 'ஜிஎல்டி' எலியில் ஃபாஸ் சரியாக இருந்தது, ஆனால் ஃபாஸில் வந்து ஒட்டி உத்தரவு தரும் புரதம் கெட்டிருந்தது (1994). ஒன்றுக்குக் காது இல்லை, மற்றதற்கு வாய் இல்லை!

மனிதர்களுக்கும் இது உண்டு. கணுக்களும் மண்ணீரலும் வீங்கிய குழந்தைகளை 1967-லேயே கனாலே, ஸ்மித் என்ற இரு மருத்துவர்கள் விவரித்திருந்தார்கள். 1995-இல் இத்தகைய குழந்தைகளிடம் ஃபாஸ் மரபணுக் கோளாறு கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே கனாலே-ஸ்மித் நோய்க்கும் அதே கோளாறுதான் காரணம் என்று தெரியவந்தது.