குளோ த வூஷோ: மண் வகுத்த எல்லையா, மதில் வகுத்த எல்லையா?

பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில், டிஜோன் நகருக்குத் தெற்கே நீளும் கோட் த நுய் சரிவில் அமைந்துள்ளது குளோ த வூஷோ. ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்புள்ள இத்திராட்சைத் தோட்டத்தைக் கல்மதில் சூழ்ந்திருக்கிறது. உள்ளே விளைவது பினோ நுவார் என்னும் கருந்திராட்சை. அதில் வடிக்கும் சிவப்பு ஒயின், எந்த மூலையில் விளைந்ததாயினும், பர்கண்டியின் உச்சத் தகுதியான ‘கிரான் க்ரூ’வுக்கு உரியது.

பர்கண்டி ஒயினின் தரத்தை மண்ணே தீர்மானிக்கிறது என்பது பரவலான கொள்கை. அதற்கு வலுவான சான்றும் உண்டு. சரிவின் உச்சியில் மண் மெலிந்து பாறை தலைகாட்டும்; அடிவாரத்தில் மழை அரித்துக் கொணர்ந்த களிமண் ஆழமாகப் படிந்திருக்கும். நடுச்சரிவில் சுண்ணாம்புக்கல்லும் களியும் அளவாகக் கலந்திருப்பதால் நீர் தேங்காது. கொடி வேரை ஆழச் செலுத்தும், காய்ப்பு மட்டுப்படும், பழத்தில் சாரம் செறியும். ரொமானே-கொந்தி, முசிஞி ஆகிய தோட்டங்கள் இந்தப் பட்டையில் அமைந்தது தற்செயல் அன்று.

குளோ த வூஷோ இவ்விதிக்குள் அடங்கவில்லை. அதன் மேல்முனை முசிஞிக்கும் கிரான் எஷெசோவுக்கும் அண்டையில் இருக்கிறது. கீழ்முனையோ நெடுஞ்சாலையைத் தொடுகிறது. மேலே கல் கலந்த மெல்லிய மண். கீழே மழை ஓய்ந்த பின்னும் ஈரம் பிடித்து நிற்கும் கனத்த களி. மதிலுக்கு வெளியே, இதே தாழ்ந்த மட்டத்தில் உள்ள நிலங்களுக்கு ஊர்ப்பெயர்த் தகுதிக்கு மேல் கிடைக்கவில்லை. ஆக, இங்கே எல்லை வகுத்தது மண் அன்று.

அந்த எல்லை துறவிகள் இட்டது. 1098இல் நிறுவப்பட்ட சித்தோ மடத்தின் துறவிகள் 12ஆம் நூற்றாண்டு முதல் கொடையாகவும் விலைக்கும் பெற்ற துண்டு நிலங்களைச் சேர்த்து, 14ஆம் நூற்றாண்டுக்குள் மதில் எழுப்பினர். அவர்கள் பயன்படுத்திய நான்கு பெரிய மரச் செக்குகள் இன்றும் அங்குள்ள கட்டடத்தில் நிற்கின்றன. முழுத் தோட்டமும் ஒரே மடத்தின் கையில் இருந்தவரை, மேல்நில ஒயினையும் கீழ்நில ஒயினையும் கலந்து குறைநிறை சமன்செய்ய வழியிருந்தது. ‘குளோ த வூஷோ’ என்ற ஒற்றைப் பெயர் அப்போது பொருத்தமானதே.

பிரெஞ்சுப் புரட்சி திருச்சபைச் சொத்துகளை அரசுடைமையாக்கியது; 1791இல் இத்தோட்டம் ஏலம் போனது. அதன் பின்னும் பெரும்பாலும் ஒரே உடைமையாக நீடித்து, 1889இல்தான் பலர் கைக்குப் பிரிந்தது. வாரிசுப் பாகங்கள் அதை மேலும் துண்டாக்கின. இன்று உடைமையாளர் ஏறத்தாழ 80 பேர். சிலருக்குச் சில வரிசைக் கொடிகளே சொந்தம். கலந்து சமன்செய்யும் வாய்ப்பு பலருக்கு இல்லாமல் போன நிலையில்தான், 1937இல் சட்டம் மதிலை அப்படியே எல்லையாக ஏற்று முழு நிலத்துக்கும் ஒரே தகுதி வழங்கியது.

இதைப் பிழை என்று தள்ளிவிட முடியாது. பல நூற்றாண்டுகள் ஒரே தோட்டமாக அறியப்பட்ட நிலத்தின் பெயரைச் சட்டம் காத்தது. ஆனால் அத்தகுதியைத் தரத்தின் அளவுகோலாகக் கொள்வது தவறு. கீழ்ப்பகுதியிலும் வடிகால் சீராக்கி, விளைச்சலைக் குறைத்து நல்ல ஒயின் தருவோர் உண்டு. மேல்நிலம் வைத்திருந்தும் சோபையற்றதைத் தருவோரும் உண்டு. விளைந்த இடமும் விளைவித்தவர் உழைப்பும் சேர்ந்தே குப்பியின் தரத்தை முடிவுசெய்கின்றன. தயாரிப்பாளர் சிலர் ‘கிரான் மோப்பெர்த்துய்’ போன்ற பழைய உட்பகுதிப் பெயர்களைக் குப்பிச் சீட்டில் அச்சிடுகின்றனர். அப்பெயர்களுக்குத் தனித்தகுதியைச் சட்டம் வழங்கவில்லை. எனினும் மதிலுக்குள் எந்தப் பகுதியில் விளைந்தது என்பதை வாங்குபவர் அறிய அவை உதவுகின்றன.