கல்பாசி ஒரே இனமா? போடி மலைச்சரிவை முன்வைத்து ஒரு மறுப்பு

கல்பாசியின் மருத்துவ வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் டைமாக், வார்டன், ஹூப்பர் மூவரும் 1890 முதல் 1893 வரை வெளியிட்ட ‘பார்மகோகிராபியா இண்டிகா’வையே அடித்தளமாகக் கொள்கின்றனர். வடநாட்டுக் கடைச்சரக்கான சரீலா, மராத்தியரின் தகடபூல், தமிழரின் கல்பாசி எல்லாவற்றையும் பார்மீலியா என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடக்கிய நூல் அது. கடைச்சரக்கு எது, எங்கிருந்து வந்தது என்பதை வகைப்படுத்துவதில் அம்மூவரின் உழைப்புக்கு இணையில்லை. ஆனால் கல்பாசியைப் பொறுத்தவரை அவர்கள் செய்த அடக்கம் பிழையான வாசிப்பு என்றே கருதுகிறேன். அந்தப் பிழை ஏட்டோடு நிற்கவில்லை. கல்பாசி போன்ற லைக்கன்களின் சாறுகளைக் கிருமிகளின்மேல் சோதிக்கும் இன்றைய ஆய்வுகளிலும் தொடர்கிறது.

அவர்களுக்கு முன் சென்னைப் படைப்பிரிவில் மருத்துவராயிருந்த வைட்லா எய்ன்ஸ்லி, 1826இல் வந்த ‘மெட்டீரியா இண்டிகா’வில் கல்பாசிக்குத் தனிக் குறிப்பு எழுதியிருக்கிறார். சில வரிகளே கொண்ட அக்குறிப்பில் மூன்று செய்திகள் உள்ளன: அது உலர்ந்த பாறைப்பாசி, குளிர்ச்சி தருவதென்று வைத்தியர்கள் கொள்கின்றனர், அதைக் கொண்டு தலைக்குப் பூசும் மருந்து செய்கின்றனர். இவற்றோடு ராட்லர் இட்ட ‘லைக்கன் ரொட்டண்டேட்டஸ்’ என்ற பெயரும் நிற்கிறது. இப்பெயரை எளிதில் தள்ளிவிட முடியாது. 1776இல் தரங்கம்பாடிக்கு வந்த ராட்லர், தென்னாட்டுச் செடிகளைத் திரட்டியவர். தமிழ்–ஆங்கில அகராதி தொகுத்தவரும் அவரே. தமிழ்ப் பெயரையும் செடியையும் ஒருசேர அறிந்த ஒருவர், கையிலிருந்த சரக்குக்குத் தனிப்பெயர் இட்டிருக்கிறார். மாறாக, கல்பாசிக்கு ஓரினப் பெயராக வழங்கப்படும் ‘பார்மீலியா பெர்லேட்டா’வில் உள்ள ‘பெர்லேட்டா’ என்ற பெயரின் வேர் 1762இல் ஹட்சன் இங்கிலாந்துச் செடிகளைப் பற்றி எழுதிய நூலில் இருக்கிறது. தென்னாட்டுப் பாறையில் எடுத்த சரக்கை வடநாட்டுக் கடைச்சரக்கோடும் இந்த ஐரோப்பியப் பெயரோடும் பிணைக்க வேண்டுமானால், இரண்டையும் ஒப்பிட்ட சான்று வேண்டும். பெயர்ப்பட்டியலின் ஒற்றுமை மட்டும் போதாது.

ஹூப்பர் உதகமண்டலத்தில் அரசின் சிங்கோனா வேதியியலராயிருந்தாரே, மலைப்பாசிகளை அவர் பார்த்திருக்க மாட்டாரா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவருடைய பணி சிங்கோனாப் பட்டையின் ஆல்கலாய்டுகளைச் சார்ந்தது. நூலின் முகப்பில் மூவர் பெயரும் சேர்ந்தே இருப்பதால், ஒரு தலைப்பை ஒருவர் கணக்கில் எழுதுவதும் சரியாகாது. ராட்லரின் பெயர் எந்த இனத்தைச் சுட்டியது என்பதற்கு நானும் முடிவான விடை கூறவில்லை. 1826க்கும் 1893க்கும் இடையில் ஏதோ ஒரு கட்டத்தில் பல இனங்களைத் தழுவிய கடைப்பெயர் ஓரினப் பெயராகச் சுருங்கியது என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மை. கடைச்சரக்கே இதற்குத் துணைச் சான்று. இந்திய லைக்கன் வணிகத்தைப் பற்றி உப்ரேதி, திவாகர், நாயகா மூவரும் 2005இல் எழுதிய கட்டுரை, விற்பனைக்கு வரும் சரக்கு பல இனங்களின் கலவை என்பதைத் தெளிவாக்கியது.

ஆய்வகத்தின் பங்கு பிறகு வந்தது. குளித்தலையில் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி, ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் 1940களில் மாணவர்களோடு நடத்திய இந்திய லைக்கன் ஆய்வுகள் அவற்றிலுள்ள அமிலங்களைப் பிரித்தறிந்தன. இனத்தைச் சொல்லிவிட்டே வேதிப்பொருளைச் சொன்னன. அதே காலத்தில், பெனிசிலின் தந்த உந்துதலில், அமெரிக்காவில் பர்க்கோல்டர் குழு 1944இல் லைக்கன் சாறுகளைக் கிருமிகள்மேல் சோதித்தது. கிருமிநாசினி என்ற கருத்து இந்த வழியில் வந்தது. தலைக்குக் குளிர்ச்சி என்ற வைத்தியர் வழக்கிலிருந்து வரவில்லை. சாறு கிருமியைத் தடுத்தவுடன் ‘மரபு மருத்துவம் மெய்ப்பிக்கப்பட்டது’ என்று எழுதுவது, கேட்காத கேள்விக்குக் கிடைத்த விடையை மரபின்மேல் ஏற்றுவதாகும்.

ஏலத்துக்குப் பெயர்பெற்ற போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சரிவை எடுத்துக்கொள்வோம். அடிவாரம் மழைமறைவில் வறண்டது. ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் மெட்டைக் கடந்தால் ஈரக்காற்றும் ஏலத்தோட்ட நிழல்மரங்களும் தொடங்குகின்றன. வெயில் காயும் பாறையும் நிழல்மரப் பட்டையும் ஒரே கூட்டத்து லைக்கன்களைத் தாங்குவதில்லை. ஒரே பெயரில் மூட்டையில் சேரக்கூடியவற்றைப் பிரிக்கப் பெரிய கருவிகூட வேண்டாம். லைக்கனின் உடலான தாலஸின் வெண்ணிற உள்ளடுக்கில் ஒரு சொட்டுச் சலவைத்தூள் கரைசல் விட்டால் பார்மோட்ரீமா டிங்டோரம் சிவக்கும், ஏனெனில் அதில் லெக்கனோரிக் அமிலம் உண்டு, பெர்லேட்டா என முன்பு வழங்கிய பார்மோட்ரீமா பெர்லேட்டம் சிவக்காது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால் ஸ்டிக்டிக் அமிலமுள்ள பெர்லேட்டம் மஞ்சளாகும். சாலசினிக் அமிலமுள்ள எவர்னியாஸ்ட்ரம் சிர்ரேட்டம் மஞ்சளாகிப் பின் சிவக்கும். அமிலம் வேறானால் சாற்றின் செயலும் வேறாகலாம். கலவையைச் சோதித்து ஓரினத்தின் பெயரில் முடிவெழுதினால், அந்த முடிவை இன்னொருவர் மீண்டும் பெற வழியில்லை.

இச்சரிவுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. ஏலக்காயின் அழுகல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை தெளிக்கப்படுகிறது. வேரில்லாத லைக்கன் மேற்பரப்பு வழியே நீரையும் உலோகங்களையும் ஈர்த்துத் தேக்கிக்கொள்ளும். தாமிரமோ தானே கிருமிகளை அடக்கும். எனவே தோட்ட மரத்தில் எடுத்த பாசியின் நீர்ச்சாறு கிருமியைத் தடுத்தால், அது லைக்கனின் வேலையா தாமிரத்தின் வேலையா என்று பிரித்தறிய வேண்டும். தோட்டத்துக்கு எட்டாத காட்டுப்பாறை மாதிரியை அருகில் வைத்துச் சோதிக்காத ஆய்வை ஏற்கத் தயங்குகிறேன். தாமிரம் அசிட்டோனில் அவ்வளவாக இறங்காதே என்று மறுக்கலாம், உண்மைதான். ஆனால் வைத்தியர் கஷாயத்துக்கு அருகில் நிற்பது நீர்ச்சாறுதான், அசிட்டோன் சாறன்று. மெத்தனாலுக்கும் தனிக் குறை உண்டு: அது லெக்கனோரிக் அமிலத்தைச் சிதைத்து, லைக்கனில் இல்லாத ஆர்செல்லினேட்டைத் தோற்றுவிக்கும்.

இது வெறும் பெயர்ச் சண்டை என்று ஒதுக்க இயலாது. கடைச்சரக்கில் அஸ்னியா இழைகளும் கலந்து வரும். அதிலுள்ள அஸ்னிக் அமிலத்தை 1844இல் நோப் பிரித்தெடுத்தார்; கிராம் நேர்க் கிருமிகளை அது நன்றாகத் தடுக்கும். அதே அமிலம் சேர்ந்த எடைகுறைப்பு மாத்திரையால் கல்லீரல் பழுதுபட்டதை அடுத்து, 2001இல் அமெரிக்க உணவு–மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. குழம்பில் ஒரு சிட்டிகை கல்பாசி சேர்ப்பதற்கும், சாற்றைச் செறிவூட்டி மாத்திரையாக்குவதற்கும் இடையிலுள்ள தூரம் இங்கேதான் தெரிகிறது. போடிச் சரிவிலிருந்து மருந்து தேடுவோர் தட்டில் கிருமி வளர்க்கும் முன்பே மூட்டையைப் பிரித்து, ஒவ்வோர் இனத்துக்கும் எடுத்த இடம், உயரம், பாறையா பட்டையா என்ற குறிப்போடு ஒரு மாதிரியை உலர்செடிக் காப்பகத்தில் வைக்க வேண்டும்.